முப்பது மீற்றர்

ஆடி பிறந்ததிலிருந்து வியாழன்தோறும் பின்னேரம் நாலரைக்கு
அறிவியல் நகர் மண்டபத்தில் பொது நிகழ்வு.
"அனைவரும் வருக, அனுமதி இலவசம்" என்று
வட்டக்கச்சிச் சந்தியிலும் முறிகண்டியிலும்
நான்தான் ஒட்டினேன், கோதுமை மாப் பசையால்.
முதல் அறிவித்தலை மாடு தின்றது.

முதல் வாரம், கிணற்று நீரில் உப்பு.
வந்தவர் பதினொருவர்;
அதில் ஏழு பேர் பேச்சாளரின் வானில் வந்தவர்கள்.
இரண்டாம் வாரம் மாணவர் நாடகம், வசனமே இல்லாதது.
பாதியில் கரண்ட் போனது.
அவர்கள் நிறுத்தவில்லை.
பலகையில் கால்கள் உரசுவதை
இருட்டில் இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.
வெளிச்சம் வந்தபோது ஒருத்தி
இன்னொருத்தியின் தோளில் நின்றாள்.
எப்போது ஏறினாள் என்று ஒருவருக்கும் தெரியாது.
அதற்குப் பிறகுதான் சனம் வரத் தொடங்கியது.

மூன்றாம் வாரம் பற்றி என் குறிப்புப் புத்தகத்தில் இருப்பது:
வயலின் நன்று. மைக்கில் காற்று அதிகம்.

நான் இங்கே தொழில்நுட்ப உதவியாளன்.
கதிரை, வயர், திரை, வருகைப் பதிவு.
ஒவ்வொரு நிகழ்வுக்கும் முடிவுரை சொல்வது
பீடாதிபதி இல்லை, ஆறு நாற்பது பஸ்.
கோன் கேட்டால் கேள்வி நேரம் அப்படியே எழும்பிப் போய்விடும்.

நான்காம் வாரம் செய்மதிப் படங்கள்.
கண்டியிலிருந்து வந்த கலாநிதி தாரணீதரன்
இரணைமடுவின் நீர்ப்பரப்பை
வருடம் வருடமாகத் திரையில் விரித்தார்.
தண்ணீர் கறுப்பு. காடு சிவப்பு.
"இது பொய் நிறம்" என்றார்,
"கண்ணுக்குப் பிடிபடாததைக் காட்ட
இப்படித்தான் பூசுவம்."
குளம் ஒரு வருடம் பருத்தது, ஒரு வருடம் வற்றியது.
மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"தம்பி, அந்த வாய்க்காலுக்குக் கிழக்கால போங்கோ."
போனார்.
"ஒரு வருசம் பின்னுக்கு."
"இன்னும் ஒண்டு."
சுட்டி அவருடைய கையில்தான் இருந்தது.
பின்வரிசை எழும்பி முன்னுக்கு வந்தது.
இது சங்கக்கடை. இல்லை, அது இஞ்சால.
இதுதான் எங்கட பனங்கூடல், இந்த நீட்டுச் சிவப்பு.

பிறகு ஒரு படம் வந்தது.
ஆண்டு கீழ் மூலையில் சின்ன எழுத்தில் கிடந்தது.
சிவப்பு இருந்த இடமெல்லாம் சாம்பல்.
அதில் மட்டும் ஒருவரும் விரல் நீட்டவில்லை.
ஒருவரும் கேட்காமலே
அவர் அடுத்ததை அழுத்தினார்.

"எங்கட வீட்டைக் கிட்டவாக் காட்டேலுமே?"
முதலில் கை உயர்த்தியவர்தான். பதிவில் பார்த்தேன்:
மங்களேஸ்வரி, கனகாம்பிகைக்குளம்.
அவர் பெருப்பித்தார். படம் சதுரம் சதுரமாக உடைந்தது.
"அம்மா, ஒரு புள்ளி எண்டா முப்பது மீற்றர்.
அதுக்குக் கீழ இந்தப் படத்தில தெரியாது."
"எங்கட வீடு இருபதடிக்குப் பதினஞ்சு."
மண்டபம் மனக்கணக்குப் பார்த்தது.
"அப்ப நாங்கள் ஒரு புள்ளிக்கும் காணாதோ?"

கண்ணாடியைக் கழற்றினார். சேட்டின் நுனியால் துடைத்தார்.
அவர் கொண்டுவந்த படங்களில் இதற்குப் பதில் இல்லை.
"புள்ளியின்ர நிறம் எண்டது
அதுக்குள்ள கிடக்கிற எல்லாத்தின்ர சராசரி, அம்மா.
கூரை, கிணறு, முற்றம், முருங்கை...
ஒண்டை எடுத்தாலும் நிறம் கொஞ்சம் மாறும்."
"முருங்கை இல்லை. தேசி."
"தேசி" என்று திருத்திக்கொண்டார்,
மேடையில் பிழை ஒத்துக்கொள்ளும் முகத்தோடு.

கோன் அடித்தது.
ஒருவரும் அசையவில்லை.
இரண்டாம் தரமும் அடித்தது, நீளமாக.
பிறகு சாரதி தானே வந்து கதவடியில் நின்றார்,
திட்டுகிற வாயோடு.
திரையைப் பார்த்தார். நிலையில் சாய்ந்தார்.
"கொக்காவிலை ஒருக்காக் காட்டுங்கோ" என்றார்.

ஏழு பத்துக்குப் புரொஜெக்டரை அணைத்தேன்.
விளக்குச் சூடு ஆறும்வரை காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.
வருகைப் பதிவில் அறுபத்து மூன்று கையொப்பம்.
நிறுவனம் என்ற கட்டத்தில்
சாரதி "பஸ்" என்று எழுதியிருந்தார்.
மங்களேஸ்வரி அந்தக் கட்டத்தைத் தாண்டி
அடுத்த கட்டத்துக்குள்ளும் எழுதியிருந்தார்:
வாய்க்காலுக்குக் கிழக்கு, இரண்டாம் ஒழுங்கை, தேசிமரம்.

அடுத்த வியாழன் எறும்புகள் பற்றிய பேச்சு.
அறிவித்தலை இந்த முறை உயரத்தில் ஒட்டினேன்,
மாட்டுக்கு எட்டாமல்.